மக்ரிபுக்கு வருகிற ஜாஹிரா

அத்தியாயம் 4

"பேய்க்கு வெள்ளிக்கிழமைதான் வேலை நாள் போல. மத்த நாளெல்லாம் என்ன செய்யும் மேடம், வீட்டுல தூங்குமா?" என்று கேட்டேன்.

உமாராணி மேடம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பின் கண்ணாடியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவிக்குப் போகிற வளைவில் பனியன் மட்டும் போட்ட கூட்டம் ஒன்று எண்ணெய் வடிய வடிய ரோட்டை மறித்துக்கொண்டு நடந்தது. நான் ஹாரன் அடித்தேன். அவர்கள் எனக்குக் கையசைத்தார்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பிரின்ஸ், சொந்த ஊர் சுரண்டை. மேடம் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து, தானாகவே வேலையை விட்டுவிட்டு, தென்காசியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். அங்கே யோசிப்பது மேடம், ஜீப் ஓட்டுவதும் வாயடிப்பதும் நான். சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான்.

"பிரின்ஸ், டீ பிளாஸ்க் எங்க?"

"பின் சீட்டுல. ஐந்தருவிக் கடையில என் கண்ணு முன்னால போட்டது. சீனியக்கூட நான்தான் போட்டேன். இதுல யாராவது மருந்து கலந்திருந்தா அது நானாத்தான் இருக்கணும்."

"வாய் ஜாஸ்தி ஆகிட்டு லே உனக்கு."

இந்த பிளாஸ்க்தான் இன்றைய பரிசோதனை.

முகம்மது கனி அண்ணாச்சி துபாயில் கடை வைத்துச் சம்பாதித்து, ஐந்தருவிக்கு மேலே கிராம்பும் ஜாதிக்காயும் காய்க்கிற ஒரு தோட்டம் வாங்கினார். நடுவில் ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுத் தொழுவம். அவர் மனைவி ஜாஹிரா பீவி அந்த வீட்டில்தான், மூச்சுத் திணறி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள். மனம் பொறுக்காமல் தென்காசியில் மகள் ஷிஃபா வீட்டோடு போய் இருந்தவர், மகன் அஃப்சலுக்குக் கல்யாணமானதும் மருமகளோடு தோட்டத்துக்கே திரும்பி வந்தார். வந்த சில மாதத்தில் அது ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் அண்ணாச்சியின் கழுத்தில் விரல் பதிந்ததுபோல் சிவப்புத் தடிப்பு எழும். உதடு வீங்கும். மூச்சு அடைக்கும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஏதோ அலர்ஜி, எதற்கென்று தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஜாஹிராதான் தன்னைக் கூப்பிட வருகிறாள் என்றார் அண்ணாச்சி. ஷிஃபா அதை நம்பவில்லை. சாயந்திரம் அசர் தொழுதபின் அண்ணாச்சி குடிக்கும் டீயில் மருமகள் ஃபாயிஸா இடுமருந்து வைக்கிறாள், தோட்டத்தின் மேல் அவளுக்குக் கண் என்றாள். அஃப்சல் துபாயிலிருந்து மனைவிக்குப் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஜமாஅத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, கைக்குழந்தையோடு ஃபாயிஸாவைக் கடையநல்லூர் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. அனுப்பினால் திரும்பி வருகிற அனுப்புதல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்களை வேலைக்கு வைத்தது ஷிஃபா. மருமகளின் குற்றத்தை நிரூபித்துத் தர வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. கேட்டதை நிரூபித்துத் தருகிற ரகம் மேடம் இல்லை என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

மிச்ச டீயை இரண்டு முறை திருநெல்வேலிக்கு அனுப்பிச் சோதித்தோம். டீயில் டீதான் இருந்தது. அதனால் இன்றைக்கு ஃபாயிஸா அடுப்படிப் பக்கமே போகக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். மத்தியானச் சாப்பாடு வழக்கம்போல ஷிஃபா தென்காசியிலிருந்து கொண்டுவந்தது. டீ என் பிளாஸ்கில் இருந்து.

அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கியதும் குனிந்து கணுக்காலைச் சொறிந்தேன். போன வாரம் தொழுவத்தைச் சோதனை போட்டதில் கிடைத்த பரிசு அது.

"உண்ணி கடிச்சிட்டா தம்பி?" என்றார். "தொழுவத்துப் பக்கம் போனா விடாது. சருகு பூரா அதான். என் காலப் பாருங்க. ஜாஹிராவுக்கு முட்டு வரைக்கும் கடி. ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே கெடப்பா." "கடைசி மூணு மாசம் எந்திரிக்க முடியாம கெடந்தா. நான் யாரையும் விடல்ல. என் கையாலதான் சூப்பு காய்ச்சி ஊட்டுனேன். தெம்பு வரவே இல்ல."

எல்லோரும் என் பிளாஸ்க் டீயைக் குடித்தோம். ஒரே பிளாஸ்க், ஒரே டம்ளர் செட். ஃபாயிஸா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ஷிஃபா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டொரு ஜோக் அடித்துப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, குழந்தை மட்டும் கொட்டாவி விட்டது.

வெளிச்சம் மங்கியது. ஷிஃபா எழுந்து ஜன்னல்களைச் சாத்தினாள். மக்ரிப் நேரத்தில் திறந்து வைக்கக்கூடாதாம். மேற்கு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, சாத்தச் சாத்த விலகியது. அதன் இடுக்கு வழியாக அருவிச் சத்தமும் ஈரமான கிராம்பு வாசனையும் உள்ளே வந்தன. கீழே எங்கோ பாங்கு சொன்னார்கள்.

அண்ணாச்சி தொழுகைக்கு எழுந்தார். எழுந்தவர் நின்றார். கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது.

"வந்துட்டா" என்றார்.

யாரும் அசையவில்லை. அவர் மேற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் முதலில் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் இன்னொன்று, பிறகு நாலைந்து. என் கண் முன்னால், யாரும் தொடாமல், ஒரு கை இறுக்குவதுபோல் அவை தடித்தன. நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், பேயை நம்பாதவன். அந்த நிமிஷத்தில் நம்பினேன்.

"அங்கன நிக்கா. என்னயப் பாக்கா" என்றார் அண்ணாச்சி. குரல் விசில் மாதிரி வந்தது. "ஜாஹிரா, வாரேன்..."

"பிரின்ஸ், ஜீப்ப எடு" என்றார் மேடம்.

தென்காசி வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் ஷிஃபாவும் ஃபாயிஸாவும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். ஷிஃபா மடியில் ஒரு ஹாட் பாக்ஸ். முகம் வெளுத்திருந்தது.

"டீ இல்லன்னு ஆகிட்டு" என்றாள். "அப்போ எங்க அம்மாதானா?"

"அது பேயோட கணக்கப் பாத்தாத் தெரியும்" என்றார் மேடம். "வெள்ளிக்கிழம தவறாம வருமோ?"

"வரும்."

"ஒரு வெள்ளிகூட விட்டதில்லயா?"

ஃபாயிஸா தலையைத் தூக்கினாள். அதுவரை அவள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஒரு வெள்ளி வரல்ல. மைனி அன்னைக்கு மீன் கொழம்பு கொண்டாந்தாங்க. மாமா நல்லாத் தொழுதுட்டுப் படுத்தாங்க."

"மத்த நாள்ல வந்ததுண்டா?"

"ஒரு செவ்வாக்கெழம வந்துச்சு. செங்கோட்டையில ஒரு கல்யாண வீடு. மதியம் பந்தி முடிஞ்சு, சாயந்திரம் அங்கனயே மாமாவுக்கு வந்துட்டு."

"அழைப்பு இல்லாமலே கல்யாணத்துக்கு வந்திருக்கா" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

"நோன்பு மாசத்துல?"

இதற்கு ஷிஃபா பதில் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் தயங்கியது. "நோன்புல மக்ரிபுக்கு வரல்ல. ராத்திரி தராவீஹ் தொழுதுட்டு வந்த பொறவு வரும். நாலஞ்சு நாள் வந்துச்சு."

"நோன்புல அசர் டீ உண்டா?"

"அல்லாஹ்வே, நோன்புல எப்படி டீ..." ஷிஃபா நிறுத்தினாள். பெஞ்சின் அடுத்த முனையைப் பார்த்தாள். ஃபாயிஸா திரும்பிப் பார்க்கவில்லை.

"டீயே இல்லாத மாசத்துலயும் வந்திருக்கு" என்றார் மேடம். "நோன்பு வச்சா பேய்க்கு எதுக்கு நேரம் மாறணும்? மாறுனது பேயோட நேரமில்ல, சாப்பாட்டு நேரம். நோன்பு தொறக்க என்ன குடிப்பாரு?"

"கஞ்சி. கொத்துக்கறி போட்டு நான்தான் அனுப்புவேன்."

"வெள்ளிக்கிழம?"

"அதுவும் நான்தான். ஆட்டுக்கறி. கொலஸ்ட்ரால்னு மத்த நாள்ல அத்தா ரசஞ்சோறுதான். வெள்ளிக்கிழமயாவது நல்லாச் சாப்பிடட்டும்னு..." அவள் ஹாட் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கறியில என்ன இருக்கு? நான் ஆக்கினது. நாங்களும்தான சாப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். கண் கலங்கியதை எங்களுக்குக் காட்டப் பிடிக்கவில்லை போல.

மேடம் என்னை இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அலர்ஜி டாக்டர் முத்துலட்சுமி மேடத்தோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். நோயாளிகள் இன்னும் வரவில்லை.

"முத்து, ஒரே கேள்வி. கறி சாப்பிட்டு மூணு நாலு மணி நேரம் கழிச்சு அலர்ஜி வருமா?"

"வராது. வந்தா உடனே வரும்." டாக்டர் பேனாவை வைத்தார். "ஒண்ணே ஒண்ணு உண்டு. அவரு உண்ணிக்கடி பட்ட ஆளா?"

மேடம் என் கால்சட்டை ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். "இவனுக்கு ஒரு நாள்ல இவ்வளவு. அவரு அங்கனயே குடியிருக்காரு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உமா, நம்ம உடம்புல காவல் செல்லுங்க இருக்கு. அதுகளுக்குக் கண்ணு கெடையாது, தடவித்தான் பாக்கும். மேல சின்னச் சின்னக் கொக்கி நீட்டிக்கிட்டு நிக்கும். உள்ள எது வந்தாலும் அது மேல ஒரு சர்க்கரைப் பூச்சு இருக்கும். கிருமி மேல ஒரு மாதிரி, நம்ம செல்லு மேல வேற மாதிரி. நம்ம சர்க்கரையத் தொட்டா நம்ம ஆளுன்னு கைய மடக்கிக்கும். வெளிச் சர்க்கரையத் தொட்டா விடாது. நம்ம சர்க்கரையவே மேல போத்திக்கிட்டு வந்து ஏமாத்துற கிருமியும் உண்டு."

"போலி ஆதார் கார்டு" என்றேன்.

"அதேதான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு சர்க்கரை உண்டு, மனுசனுக்குக் கெடையாது. கறியோட வயித்து வழியா வந்தா உடம்பு பெருசாக் கண்டுக்காது. உண்ணி கடிக்கும்போது அதோட எச்சில்ல அதே சர்க்கரை தோல் வழியா உள்ள போகுது. கடிச்ச எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு உடம்பு அத எதிரின்னு குறிச்சு வச்சிரும். அந்தச் சர்க்கரையப் பிடிக்கன்னே தனியா ஒரு கொக்கி செஞ்சு காவல் செல்லு மேல மாட்டி வச்சிரும். அடுத்து கறி சாப்பிட்டா, கொழுப்போட சேந்து மெதுவாச் செரிச்சு ரத்தத்துல ஏற மணிக்கணக்காகும். ஏறின உடனே கொக்கியில மாட்டும். அவ்வளவுதான், தடிப்பு, வீக்கம், மூச்சு முட்டல். ரத்தத்த அனுப்பிச் சோதிக்கணும். ஆனா நீ சொல்லுதது அப்படியே அதுதான்."

"ஜன்னல்ல ஒருத்தி நிக்கான்னாரே?"

"சாவு பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி ஒரு பயம் வரும். அதுவும் இந்த நோவோட அறிகுறிதான். யாரு முகத்துல வரும்ங்கிறது அவங்கவங்க மனசு." டாக்டர் எழுந்தார். "அது இருக்கட்டும், அவருக்கு இப்ப என்ன ஆகாரம் குடுக்காங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். ஷிஃபா மடியில் இருந்த ஹாட் பாக்ஸ் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

மேடம் ஓடி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். வார்டு கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது அண்ணாச்சி தலையணையில் சாய்ந்திருந்தார். ஷிஃபா கரண்டியை அவர் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஆட்டுக்கால் சூப்பு போர்வையில் சிந்தியது.

"குடிச்சீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா. சூடா இருந்துச்சு, ஊதிக்கிட்டு இருந்தா. என்ன விசயம்?"

மேடம் சொன்னார். உண்ணி, சர்க்கரை, கொக்கி, கறி, எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்லி முடித்தார். ஷிஃபா கரண்டியைக் கீழே வைத்தாள். கதவோரம் குழந்தையோடு நின்றிருந்த ஃபாயிஸாவிடம் போனாள். குழந்தையின் தொப்பியைச் சரி பண்ணினாள். "நான்தாண்டி ஊட்டியிருக்கேன்" என்றாள் கடைசியில். "வாரா வாரம் நான்தான் ஊட்டியிருக்கேன். ஒன்னயப் போயிச் சொன்னேனே." ஃபாயிஸா அழ ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த அழுகை அது. நியாயமாகப் பார்த்தால் அத்தியாயம் இங்கே முடிந்திருக்க வேண்டும். நானும் ஜீப் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இன்ஸ்பெக்டரம்மா" என்றார் அண்ணாச்சி.

அவர் சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜாஹிராவுக்கும் கழுத்துல இப்படித்தான் தடிக்கும்."

மேடம் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்ல வராதவர்களுக்கு இருக்கிற கஷ்டம் அது. எனக்கு வரும், அதனால் நான் முந்திக்கொண்டேன். "அவங்களுக்கு இருந்தது வேற நோவு அண்ணாச்சி. டாக்டரே சொன்னாங்க."

"தம்பி, நீங்க நல்ல பிள்ள" என்றார். "ஆனா டாக்டரு அவளப் பாத்ததே இல்லல்லா."

நான் ஜீப் சாவியை மறுபடி பைக்குள் போட்டேன்.

"அவ வேண்டாம்னுதான் சொன்னா. குடிச்சா நெஞ்ச அடைக்குன்னா. வாய இறுக்கி மூடிக்கிட்டா. நான்தான், ஏட்டி ஒரு மடக்கு, எனக்காக ஒரு மடக்குன்னு..." அவர் கை கரண்டி பிடிப்பதுபோலவே காற்றில் நின்றது. "அவ செத்த அன்னைக்கும் குடுத்தேன். அன்னைக்கு நெறையக் குடிச்சா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

"தெரியாமச் செஞ்சது அண்ணாச்சி" என்றார் மேடம்.

"எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் போல. அதான் வாய மூடிக்கிட்டா."

ஞாயிற்றுக்கிழமை ஜமாஅத்தில் பேச்சு எதுவும் நடக்கவில்லை. ஷிஃபாவே பெரியவர்களிடம் போய்த் தன் வாயால் தப்பைச் சொல்லிவிட்டாள். அஃப்சல் துபாயிலிருந்து ஃபாயிஸாவுக்குப் போன் பண்ணினான். முதல் இரண்டு முறை அவள் எடுக்கவில்லையாம். கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டர் சொன்ன ரத்தச் சோதனையும் அப்படியே வந்தது.

அந்த முடிவைச் சொல்லுகிற சாக்கில் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று தோட்டத்துக்குப் போனோம். தொழுவத்தைத் தூரத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். சருகைக் கூட்டி எரித்திருந்தார்கள். மத்தியானம் மீனும் ரசமும். அசர் தொழுதுவிட்டு அண்ணாச்சி, "ஃபாயிஸாம்மா, ஒன் கையால ஒரு டீ போடு" என்றார். அவள் எல்லோருக்கும் போட்டாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

வெளிச்சம் மங்கியதும் ஃபாயிஸா எழுந்து ஜன்னல்களைச் சாத்தப் போனாள்.

"மேக்கால உள்ளதத் தொறந்தே வையி."

"மக்ரிப் நேரம் மாமா. சாத்தணும்லா?"

"இருக்கட்டும்மா. அவட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

ஜன்னல் திறந்து கிடந்தது. நாற்காலியை அதற்கு நேராகத் திருப்பிப் போட்டு அண்ணாச்சி உட்கார்ந்தார். அருவிச் சத்தமும் ஈரமும் உள்ளே வந்தன. பாங்கு சொன்னார்கள், முடிந்தது. தோட்டம் இருட்டி, கிராம்பு மரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியாமல் போயின.

வெகுநேரம் கழித்து அண்ணாச்சி கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் தடவி, மறுபக்கமும் தடவினார். ஒரு தடிப்பும் இல்லை.

"வரல்ல" என்றார்.